சகோதரிகள் அல்லாத நெய்வேலி சகோதரிகள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மந்தாரக்குப்பத்து ஜவுளி வணிகர் ஐயா அப்துல் வாஹித் அவர்களே! நாற்காலி கிடைத்த பெரியோர்களே! கிடைக்காமல் மண்ணில் அமர்ந்தாலும் மன்னர்போல் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆவலை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஷிப்டுக்குப் போகும் வழியில், ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் போகலாமென்று சாப்பாட்டுப் பையோடு நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் பழனிவேலின் பணிவான வணக்கம்.

என்ன? சீக்கிரம் முடிக்கவா? பாட்டுக்குத்தானே வந்தீர்கள், தெரியும் ஐயா, தெரியும்! ஆனால் 'புதுராகம்' மெல்லிசைக் குழுவின் இந்தப் பத்தாம் ஆண்டு விழாவில், பத்தாண்டுகளாய் இதே ஒலிபெருக்கியில் நான் சொல்லிவந்த ஒரு பொய்யை இன்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எழுபத்து நான்காம் ஆண்டுப் பொங்கல் விழா, புதுராகத்தின் முதல் மேடை. ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மேடையேறினார். சேத்தியாத்தோப்பில் பிறந்த தனம். பின்னாலேயே இன்னொருவர். பொள்ளாச்சியிலிருந்து தட்டச்சர் வேலைக்கு நம் டவுன்ஷிப்புக்கு வந்த சந்திரகலா. "உங்களை எப்படிம்மா அறிவிக்கட்டும்?" என்று கேட்டேன். "பேரச் சொன்னா போதுங்க" என்றார் தனம்.

போதுமா? இந்தப் பழனிவேலுக்கு வெறும் பெயர் போதுமா? அடைமொழி இல்லாமல் அடுத்த வீட்டுக்காரரைக்கூடக் கூப்பிடாதவன் ஆயிற்றே! இருவருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு, மழை வந்தால் ஒரே குடை. யோசிக்காமல் முழங்கினேன்: "இதோ, நெய்வேலி சகோதரிகள்!" கைதட்டல் காதைப் பிளந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற ஆண்டுதான் விளங்கியது. சுரங்கத்தில் மண்வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டும் நண்பர் மாடசாமி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, எனக்கு ரெண்டு தம்பி. அங்க ரெண்டு சகோதரிக. நீங்கதான் பேசி முடிக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் புறப்பட்டோம். மாடசாமியின் தோளில் பண்ருட்டிப் பலாப்பழம், அவர் மனைவி நாகம்மாள் கையில் பூ, என் முகத்தில் பெருமிதம்!

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

காப்பி வந்தது. நாகம்மாள் கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"சேத்தியாத்தோப்பு" என்றார் தனம்.

"பொள்ளாச்சிங்க" என்றார் சந்திரகலா.

"ஒரு வயித்துல பொறந்தவங்களுக்கு ரெண்டு ஊரா?" என்றார் நாகம்மாள். நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பலாப்பழத்தைப் பார்த்தேன்.

தனம் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க அக்கா தங்கச்சி இல்லீங்க. எனக்கு அவ, அவளுக்கு நான்னு பத்து வருசமா குடும்பம் நடத்திகினு இருக்கோம். எங்களுக்கு வேற கல்யாணம் இல்லீங்க."

மாடசாமி எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். நாகம்மாள் மட்டும் எழவில்லை. இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பழத்த அறுக்கணும். கைக்குத் தடவ எண்ணெ இருக்கா தாயி?" அன்று ஐந்து பேரும் உட்கார்ந்து பலாச்சுளை தின்றோம்!

ஆனால் செய்திக்குக் கால் முளைத்துவிட்டது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு. "இந்தப் பொங்கலுக்கு அந்த ரெண்டு பேரும் மேடையேறக் கூடாது" என்றார்கள் விழாக்குழுவில் சிலர். தனத்திடம் ஆர்மோனியம் கற்க வந்த பிள்ளைகள் நின்றுபோனார்கள். ஒத்திகைக்கு இருவரும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். "ஊருக்கே திரும்பிடலாம்னு பாக்கறோமுங்க" என்றார் சந்திரகலா. ஆர்மோனியம் போர்வைக்குள் கிடந்தது. நான் சூட்டிய பட்டம் அல்லவா இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது? அன்று நான் வெட்கப்பட்டதுபோல் என்றும் வெட்கப்பட்டதில்லை.

விழாக்குழு கூடியது. தபலா வாசிக்கும் சின்னதுரை எழுந்து, "அவங்க இல்லேன்னா நானும் இல்ல" என்று உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் யார்? மாடசாமி! "தம்பிகளுக்குப் பொண்ணு கிடைக்கலேன்னா அது என் பாடு. ஊருக்குப் பாட்டு கிடைக்கலேன்னா அது யார் பாடு?" என்றார். இருவர் பெயரையும் நிகழ்ச்சிப் பட்டியலில் எழுதினார்கள்.

பொங்கல் மாலையில் இருவரும் மேடையேறினார்கள். ஒலிபெருக்கி முன் நின்றேன். ஆயிரம் அடைமொழி அறிந்த வாயில் ஒன்றுகூட வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்: "தனமும் சந்திரகலாவும். பத்தாண்டு வாழ்க்கைத்துணைகள். பாடப் போகிறார்கள்." முன்வரிசையில் நால்வர் எழுந்து போனார்கள். போகட்டும்! பின்வரிசையிலிருந்து நாற்பது பேர் அந்த நான்கு நாற்காலிக்கு ஓடிவந்தார்களே, அதை மறப்பேனா? அன்று தனத்தின் விரலும் சந்திரகலாவின் குரலும் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொண்டதைக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் வர்ணிக்கத் தேவையில்லை.

இது புதிதா, பெரியோர்களே? சித்திரை மாதம் கூவாகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆணாய்ப் பிறந்தும் பெண்ணாய் வாழ்கிறவர்கள் கும்மி கொட்டிப் பாடும் பாட்டு நேற்று முளைத்ததா? எத்தனை கச்சேரியில், எத்தனை கூத்தில், "தோழி" என்றும் "தூரத்து உறவு" என்றும் சொல்லிக்கொண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களின் பாட்டுக்கு நம் முன்னோர் தலையாட்டியிருப்பார்கள்! பாட்டை வாங்கிக்கொண்டோம், பாடியவரை வாங்கிக்கொண்டோமா? அவர்கள் குரல் வேண்டும், அவர்கள் குடும்பம் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, இந்த மாலையில் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒரு பாட்டைத் தொண்டைக்குள் வைத்திருக்கும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். எந்த பிளாக்கானாலும் சரி, எந்த ஷிப்டானாலும் சரி, புதுராகத்தின் ஒத்திகைக்கு வாருங்கள். பெயரைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும், நடுவில் மணியடிக்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நெய்வேலிக்கு வணக்கம். சின்னதுரை, தபலாவைத் தட்டுங்கள்!