மஞ்சள் சட்டைக்கு ஓர் அச்சச்சோ

தனக்கென்று போட்ட நாற்காலியில் இன்னும் உட்காராமல் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டிருக்கும் திரையரங்க உரிமையாளரும் அவைத்தலைவருமான ஐயா அவர்களே! முதல் பாகத்தை முதுகுவலியோடு பார்த்து, இரண்டாம் பாகத்துக்கும் தலையணையோடு வந்த பெரியோர்களே! கத்தி வரும்போதெல்லாம் பிள்ளையின் கண்ணைப் பொத்திவிட்டு, தாங்கள் மட்டும் கண் இமைக்காமல் பார்த்த தாய்மார்களே! விசிலுக்கென்றே விரல் வளர்த்த முன்வரிசைத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விசில் போதும் தம்பி, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

இந்த அடிதடிப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள் மனம் திறந்து பேசட்டும் என்றுதான் இந்தக் கூட்டம். எனக்கு முன் பேசியவர்கள் வெளுத்து வாங்கிவிட்டார்கள். முதல் பாகத்தில் கதாநாயகனுக்குக் கோபம் இருந்தது, இதில் கையும் காலும் மட்டும்தான் இருக்கிறது என்றார் லாரி ஓட்டும் அண்ணன். இத்தனை பேர் அடி வாங்கினார்களே, ஒருவராவது மருந்து வாங்கினாரா என்று கேட்டார் மருந்துக்கடை அம்மா. கல்லூரித் தங்கையோ சமையலறைச் சண்டையைச் சிலாகித்தார். கருத்தால் வேறுபட்ட இத்தனை பேரும் ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டார்கள். படத்திலேயே நல்ல சிரிப்பு, மஞ்சள் சட்டைக்காரன் மாடிப்படியில் உருளும் இடமாம்.

பாருங்கள், சொன்னதுமே சிரிப்பு வருகிறது!

யார் அந்த மஞ்சள் சட்டை? அவனுக்கு வசனம் உண்டா? இல்லை. பெயர் உண்டா? இல்லை. வில்லனின் அடியாள். கதாநாயகன் அவன் மார்பில் ஓர் உதை விட, மேல்படியிலிருந்து உருண்டு, திருப்பத்துச் சுவரில் மோதி, கிடந்தபடியே ஒரு கையைத் தூக்குவான். அந்தக் கைக்குத்தான் அரங்கம் அதிர்கிறது. அந்தக் கைதான் கைபேசிக்குக் கைபேசி பறக்கிறது.

அந்த மஞ்சள் சட்டை என் தங்கையின் வீட்டுக்காரர்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். முழுதும் கேட்டுவிடுங்கள்.

அவருடைய தொழிலே விழுவது. தோளைக் கொடு, தலையைக் கொடுக்காதே என்பதுதான் அதில் பாலபாடம். குடியிருக்கும் கட்டடத்தின் படிகளில் அவர் உருண்டு பழகுவார், பக்கத்து வீட்டம்மா கதவைத் திறக்காமலே, "இன்னைக்கும் நல்லா விழுந்தீங்களா தம்பி?" என்று விசாரிப்பார். முதல் பாகத்தில் கண்ணாடி மேசைமேல் விழுந்தார். குடும்பத்தோடு இதே அரங்கில் பார்த்தோம். அவர் விழுந்த நொடியில் இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை ஓர் ஒலி எழுந்தது. அச்சச்சோ!

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், கேட்டீங்களா? எனக்குப் போஸ்டரும் வேணாம், பேரும் வேணாம். இது போதும்."

அன்றுமுதல் அந்த வீட்டில் டம்ளர் விழுந்தாலும் அச்சச்சோதான், தட்டு விழுந்தாலும் அச்சச்சோதான். பிள்ளைகள் அதற்காகவே எதையாவது தள்ளிவிடுவார்கள்.

பிறகு நாம் என்ன செய்தோம்? அடி போதவில்லை என்றோம். ரத்தம் போதவில்லை என்றோம். இன்னும் இன்னும் என்றோம். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள் ஐயா! படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டிருந்த மெத்தை நகர்ந்துவிட்டது. தோள், மெத்தைக்குப் பதில் சுவரைச் சந்தித்தது. அவர்கள் சண்டைக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவர் கையைத் தூக்கினால், நிஜமாகவே அடிபட்டுவிட்டது, நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

ஆமாம். நாம் பார்த்துப் பார்த்துச் சிரித்த கை அதுதான்.

நன்றாக வந்திருக்கிறது என்று அதைப் படத்தில் விட்டுவைத்தார்கள். இன்று அந்தக் கை சட்டையின் நடுப் பொத்தானுக்குமேல் ஏறாது. இனி அவர் விழ முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விழ முடியாததற்காக ஒரு மனிதன் அழுது நான் பார்த்ததில்லை, அதையும் பார்த்தேன்.

படம் வந்தபோது தோள்வலியில் அவரால் அரங்கில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. தங்கையை என்னோடு அனுப்பினார். பார்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை, கேட்டுவிட்டு வா என்றார். படி வந்தது, உதை வந்தது, உருண்டார், கை எழுந்தது. சிரிப்பு! விசில்! ஒன்ஸ்மோர்! அத்தனைக்கும் நடுவில் என் தங்கை மட்டும், தன்னை அறியாமல், அச்சச்சோ என்றாள். முன்னால் இருந்தவர் திரும்பி, "என்னக்கா, காமெடி புரியலையா?" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் முதல் பாகத்தில் மட்டும் நமக்குத் தெரிந்தா அச்சச்சோ என்றோம்? தெரியாமலே வந்ததே, அது எங்கே போயிற்று? இதை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது.

வீடு திரும்பினோம். தலையணையில் சாய்ந்திருந்தவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சச்சோன்னாங்களா?"

தங்கை கைப்பையை மெதுவாக ஆணியில் மாட்டினாள். "சொன்னாங்க."

"நெறைய பேரா?"

"ஒரு பொம்பள சொன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யாரோ எவரோ, நல்லா இருக்கணும்" என்றார். தங்கை தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவையோரே! விசிலை விட்டுவிடச் சொல்லவில்லை, படத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் இதே திரையில் அதே படம், அதே படி, அதே கை. இன்றும் கேட்டுவிட்டு வா என்றுதான் அவர் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு நடுவில்தான் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். இன்றாவது அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள்.

சிரிக்க வைப்பான் என்று அழைத்தீர்கள்; சிரிப்பை நிறுத்திவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. விழுகிறவர்களுக்கும், விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்களுக்கும் என் வணக்கம்.