வால்தெலூனாவுக்குக் கடிதம் எழுதிய கைக்கு

"மிஷினை நிறுத்துப்பா! நிறுத்துன்னா நிறுத்து!"

இன்று காலை வண்ணாரப்பேட்டை அச்சகத்துக்குள் பாய்ந்து இப்படிக் கத்தியவர், அன்பின் உறைவிடமே, அலைகடல் ஓரத்து அருந்தவமே, இக்னேஷியஸ் ஐயா அவர்களே, தங்களோடு இருபத்தேழு ஆண்டுகள் கப்பல் சரக்கு இறக்கிய நம் போர்மேன் நீலமேகம்தான்!

"நாலு மணிக்கு வழியனுப்பு விழா. இப்ப வந்து நிறுத்துங்கீரு. என்னவே விளையாட்டு?" என்று சீறினார் அச்சகக்காரர் ராமசுப்பு.

"ஒரு வரி தப்பா கீது நைனா. கண்ணாடி போட்டு மாட்டிட்டா அப்பால அழிக்க முடியாது."

அந்த வரி இதுதான்: '1951-இல் நேர்ந்த ஒரே ஒரு சைகைப் பிழை நீங்கலாகக் குறையொன்றும் இல்லாக் கோமானே!' தொழிலாளர் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரி. நீலமேகமும் தலையாட்டிய வரி. பழைய மடலைக் கிழித்துப் போட்டு, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து அவர் எழுதிய மடல் இது. மோனை குறைந்தால் பொறுத்தருள்க!

சரக்குத் தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுபவருக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. மேல்தளத்தில் நின்று சைகை காட்டும் தங்கள் கையே அவருக்குக் கண். விரல் மடங்கினால் மூட்டை இறங்கும். உள்ளங்கை விரிந்து உயர்ந்தால் அந்தரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட கைக்குக் கீழேதான், 1951 ஜூன் மாதத்தில், பிண்ணாக்கு மூட்டைகள் விழுந்து மார்டின் என்ற ஸ்பெயின் தேசத்து மாலுமிப் பிள்ளை மாண்டான்.

"என் கை பிந்திப்போச்சு," என்றீர்கள் விசாரணையில். தங்களுக்கு வரவிருந்த போர்மேன் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

மார்டினைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு, கேப்டனிடம் முகவரி வாங்கி அவன் தாய் பஸ்குவாலாவுக்கு எழுதினீர்கள். அவ்வூர்ப் பாதிரியார் லத்தீனில் எழுதும் பதிலை நம் கோயில் ஃபாதர் படித்துச் சொல்ல, கிறிஸ்துமஸ் தோறும் ஒரு கடிதமாக வால்தெலூனா என்ற சிற்றூர் தங்களுக்குச் சொந்த ஊராயிற்று. மூவாயிரம் அடி உயரத்து வறண்ட மேட்டுநிலம். கோடையில் காணாமற்போகும் ஆறு. ஆறில்லாத போதும் அசையாது நிற்கும் கல்பாலம். அரேபியர் ஆண்ட காலத்துக் காவற்கோபுரம். குளிருக்கு அஞ்சி ஆட்டு மந்தைகள் தெற்கே நடக்கும் அகன்ற பாதை. உள்நாட்டுப் போரில் மடிந்த பதினால்வர் பெயர் பொறித்த கோயில் சுவர்.

"இன்னா மாமு, உங்க ஊர்ல பனி பேஞ்சுதா?" என்று சோற்று வேளையில் கிண்டுவோம்.

"கொட்டிகினு கீது. ஆட்டையெல்லாம் ஓட்டிகினு போய்ட்டாங்கோ," என்பீர்கள் முகம் மாறாமல். எல்லோரும் சிரிப்போம். நீலமேகம் மட்டும் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

முதல் கடிதத்தில் அவ்வூர் மக்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். 1960-இல் நூற்று நாற்பது. பிழைப்புத் தேடி இளையோர் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போகப் போக, பள்ளிக்கூடம் மூடியது, ரொட்டி அடுப்பு அணைந்தது. சென்ற கிறிஸ்துமஸ் கடிதத்தில் ஒன்பது பேர்.

மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க, போன வாரம் தங்கள் இராயபுரத்து ஒற்றை அறைக்கு வந்தார் நீலமேகம். சுவரில் தாங்கள் வரைந்த வால்தெலூனா. காலியான வீடுகளின்மேல் பென்சில் கோடு. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி.

"ரிடையராகி எங்க மாமு போவே?"

"எங்க போறது? அங்க ஒம்பது பேரு. இங்க நான் ஒருத்தன்."

பிறகு அந்தக் கடிதங்களைப் பிரித்துக் காட்டினீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஃபாதர் பென்சிலால் எழுதிய தமிழில் ஒரே வாக்கியம்: 'உன் கையை நான் மன்னித்துவிட்டேன், மகனே.' பக்கத்தில் அந்தத் தாய் இட்ட சிலுவைக் குறி. இருபத்தொரு கடிதம், இருபத்தொரு மன்னிப்பு. நீலமேகம் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

ஐயா, தங்கள் கை அன்று பிந்தவில்லை! உள்ளங்கை விரிந்து 'நில்' என்று உரிய நேரத்தில் உயர்ந்து நின்றது. விடியலில் பிறந்த பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு, உறக்கமில்லாமல் வேலைக்கு வந்த வின்ச்காரன் ஒரு கணம் கண்ணசந்தான். விசாரணை அறை வாசலில் அவன் தங்கள் காலில் விழப் போனான். "சும்மா இர்றா. வேல பூட்டா கொயந்தைக்கு இன்னா பண்ணுவே? எனக்கு வூட்ல யார் கீறா?" என்று தோளைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

இம்மடலின் பிரதி, ஃபாதர் கையால் லத்தீனாகி, நாளை வால்தெலூனாவுக்குப் புறப்படுகிறது. அந்தத் தாய் இனி யாரை மன்னிப்பது, மன்னிப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். தங்கள் கை நோயின்றி நெடுங்காலம் ஓங்கி நிற்க! ஆவணியில் அந்தக் குழந்தையின் மணமேடையில் முதல் அட்சதை அதிலிருந்தே விழுக!

30-6-1972

இன்று காலைதான் இதை அறிந்து, தலைகுனிந்து கையொப்பமிடும்
தொழிலாளர் முப்பத்தாறு பேர்

அவர்களோடு,
அன்று வின்சில் இருந்தவன்
நீலமேகம்