செல்லையா வீட்டு வரி

நான் டீக்கடை நல்லசாமி, ஆனால் டீ குடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நெஞ்சு எரியும். தேவாலா பஸ் நிறுத்தத்தில் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடை ஒன்றுதான். எழுபத்தாறில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த செல்லையா, எதிரே புறம்போக்கில் மண்சுவர் எழுப்பித் தகரம் போட்டான். அவன் பெண்டாட்டி தெய்வம்மா வாசலிலேயே ரொட்டி சுட்டு விற்றாள். என் கடை பெஞ்சு காலியானது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்?

பஞ்சாயத்து அவன் பெயருக்கு வீட்டு வரி போட்டது. புறம்போக்கில் இருப்பவனுக்கு அந்த ரசீதுதான் பட்டா. பாவம், அவனுக்கு அது விளங்கவில்லை. சிலோன் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வீடு தோட்டத்துத் துரையுடையது. குடியிருப்பவனிடம் வரி என்று யாரும் கேட்டதில்லை. என்ன அநியாயம் என்று மேல்முறையீடு செய்துவிட்டான்.

விசாரணைக்கு முன்னால் நானே போய்ப் பேசினேன்.

"ஏனுங்க செல்லையா, ஊட்டை என்ற பேர்ல எழுதிக்கறேனுங்க. வரிய நானே கட்டிக்கறேன். நீங்க பாட்டுக்கு இருங்க. அப்பீலை உட்டுருங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்கதாங்க இனி எங்களுக்குத் தொரை."

கொட்டகை நல்லசாமியுடையது, வரியும் அவர் பொறுப்பு, இரு தரப்பும் சம்மதித்ததால் மேல்முறையீடு தள்ளுபடி என்று விசாரணையில் அதிகாரி வாசித்தார். முதலில் தலையாட்டியது செல்லையாதான். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ரசீதுகள் என் பெயரில் சேர்ந்த பிறகு காலி செய்யச் சொன்னேன். "அவ மாசமா இருக்காங்க, மழை விடட்டுங்க" என்றான். ஆடி மழை எப்போது விடுவது? என் வீட்டுத் தகரத்தைக் கழற்ற நான் யாரைக் கேட்க வேண்டும்? அவன் எஸ்டேட் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆள் கூட்டிப் போனேன்.

பாதித் தகரம் இறங்கியதும் கூலிக்கு வந்த மாரிச்சாமி தயங்கினான். "சொவரு ஊறுதுங்க. அக்கா உள்ள படுத்திருக்குதுங்க."

"உனக்குக் கூலி தகரத்துக்குத்தான்" என்றேன்.

கூரையில்லாத மண்சுவர் அந்த மழையில் நிற்காது. இந்த ஊரில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மத்தியானம் அது உட்கார்ந்தது. உள்ளேயிருந்து தெய்வம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரோட்டில் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் அடங்கிய பிறகுதான் கடைக்குத் திரும்பினேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தச் சுவரில் நான் கை வைக்கவே இல்லை.