சாப்பாட்டு மேசையில் நாடாளுமன்றக் குழு

— அப்படி உக்காராதீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, இடுப்புல எதையோ ஒளிச்சு வெச்சிருக்கற மாதிரி இருக்கு. கையை மேசை மேல வைங்க.

— வீட்டுல ஒத்திகை பார்க்கறதுக்கு இவ்வளவு கெடுபிடியா? நீ கேள்வியைக் கேளு.

— நாளைக்கு நம்ம ஊருக்கு விசாரிக்க வர்ற நாடாளுமன்றக் குழு முன்னாடி போய் உளறப்போறது நீங்க, நான் இல்ல. இப்ப நான் உங்க பொண்டாட்டியும் இல்ல. குழுத் தலைவி. வா, போன்னு பேசினா வெளியில அனுப்பிடுவேன்.

— மன்னிக்கணும் தலைவி அவர்களே.

— அக்கா, நான் யாரு?

— நீ உறுப்பினர்டா தம்பி. எதிர்க்கட்சி.

— எதிர்க்கட்சின்னா என்ன பண்ணணும்?

— உங்க மாமா எதைச் சொன்னாலும் தப்புன்னு சொல்லணும்.

— அதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து நீயே பண்றியேக்கா. சரி சரி, முறைக்காத. வெட்கம்! வெட்கம்!

— மச்சான், நான் இன்னும் வாயே திறக்கலடா.

— பழகிக்கறேன் மாமா.

— அமைதி! தலைவி மேசையில தட்டற இந்தக் கரண்டிக்கு மரியாதை வேணும். முதல் கேள்வி. குடிநீர் வாரியத்துத் தலைமைப் பொறியாளர் அவர்களே, மேட்டுத் தெருக் குழாய்ல ஏன் தண்ணி வரல?

— அதாவது வந்து, மாண்புமிகு தலைவி அவர்களே, நகரின் உயரமான பகுதிகளில் நீரழுத்தம் சார்ந்த சில இடர்ப்பாடுகள் கண்டறியப்பட்டு, அவை தற்போது வாரியத்தின் தீவிரப் பரிசீலனையில்...

— சுத்தி வளைக்காதீங்க. தண்ணி வருதா, வரலையா?

— பரிசீலனையில இருக்கு.

— பரிசீலனையைக் குடத்துல பிடிக்க முடியுமா?

— வெட்கம்!

— இது சரியான எடம் மச்சான். இந்த மாதிரி எடம் பார்த்துக் கத்து.

— நன்றி மாமா.

— ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டது போதும். ஏன் வரல?

— அதாவது வந்து, தண்ணி மேல ஏறணும்னா பம்பு ஓடணும். பம்பு ஓடணும்னா கரன்ட் வேணும். மின்வாரியத்தைக் கூப்பிட்டுக் கேளுங்க.

— கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?

— அனல்மின் நிலையத்துல இயந்திரத்தைக் குளிர வைக்கத் தண்ணி பத்தல, அதனால முழுசா ஓட்ட முடியலன்னு சொல்லுவாங்க.

— ஆக, தண்ணி இல்லாததால கரன்ட் இல்ல. கரன்ட் இல்லாததால தண்ணி இல்ல.

— அருமையா சுருக்கிட்டீங்க. எங்க ஆபீஸ்ல இதை எழுத ஒரு கட்டு காகிதம் செலவாச்சு.

— பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கற கதையா இருக்கே! இதுக்கு யார்தான் பொறுப்பு?

— சுற்றுச்சூழல் துறை.

— அவங்க எங்கேர்ந்து வந்தாங்க இதுல?

— அவங்களைத் திட்டினா யாரும் திருப்பித் திட்டமாட்டாங்க. பாவம், மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் குடுத்திருக்கு. கதவைத் திறந்தா மேசை இடிக்கும்.

— தலைவி அவர்களே, எனக்கு ஒரு துணைக் கேள்வி.

— கேளுங்க உறுப்பினரே.

— இந்தக் கரன்ட் பிரச்சினையை அவசரப்பட்டுத் தீர்த்துத்தான் ஆகணுமா? சும்மா கேக்கறேன்.

— டேய்!

— கோபப்படாதக்கா. இன்வெர்ட்டர் கடை வெச்சிருக்கறவன் நான். ஊர் இருட்டானாத்தான் என் வீட்டுல வெளிச்சம்.

— சொந்த லாபம் பார்க்கறவனுக்குக் குழுவுல எடம் இல்ல. எழுந்திரு.

— அப்படிப் பார்த்தா அங்க நாற்காலியெல்லாம் காலியாத்தான் கிடக்கும்.

— மச்சான் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு.

— சாட்சி, கேட்டாத்தான் பேசணும். இருங்க, வாசல்ல யாரோ கதவைத் தட்டறாங்க. மேட்டுத் தெருக்காரங்களாத்தான் இருக்கும். வாங்கம்மா, குடத்தை அங்கயே வைங்க, இதோ வந்துட்டான்! தம்பி, போய் நம்ம குழாய்ல பிடிச்சுக் குடு. கூட்டம் ஒத்திவைக்கப்படுது.

— எதிர்க்கட்சிக்கு இந்த வேலையெல்லாம் உண்டாக்கா?

— தண்ணி சுமந்த எதிர்க்கட்சிதான் அடுத்த தடவை ஜெயிக்கும். போ.

— தினமும் வர்றாங்களா இவங்க?

— நீங்க ஆபீஸ் கிளம்பினதும் வருவாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அவசரம் போலிருக்கு. உங்களைப் பார்த்துட்டு அந்த அம்மா கதவுக்குப் பின்னாடி போய் நிக்கறதைப் பாருங்க. ஏதோ திருட வந்த மாதிரி.

— நான் என்ன கடிச்சுடவா போறேன்?

— கூட்டம் மறுபடி தொடங்குது. நம்ம வீடும் அதே மேட்டுலதான இருக்கு?

— ஆமா.

— அவங்க வீட்டுக் கொல்லையும் நம்ம வீட்டுக் கொல்லையும் ஒரே சுவர்தான?

— ஆமா. அதுக்கென்ன?

— அங்க ஏறாத தண்ணி நம்ம மாடிக்கு மட்டும் எப்படிங்க ஏறுது? தண்ணிக்கு உங்களைத் தெரியுமா?

— அதாவது வந்து...

— சுத்தி வளைக்காதீங்க.

— தனிக் குழாய்.

— யார் போட்டாங்க?

— வாரியம்.

— வாரியம்னா?

— நான் கேக்கலம்மா! எனக்குக் கீழ வேலை செய்யறவங்க ஒரு மரியாதைக்குப் போட்டுக் குடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு நோகாதா?

— குடம் நிரம்பிடுச்சுக்கா. நான் இல்லாதப்ப என்ன ஆச்சு? மாமா முகம் ஏன் இப்படி வெந்த கத்தரிக்கா மாதிரி இருக்கு?

— உறுப்பினர் உக்காருங்க. சாட்சி ஒண்ணைச் சொல்லிட்டாரு, இன்னொண்ணைச் சொல்லப்போறாரு. ஏரியில தண்ணி இருக்கா, இல்லையா?

— இருக்கு.

— ஊருக்குப் போதுமா?

— ஊருக்கு மட்டும்னா தாராளமாப் போதும்.

— வேற யாருக்குப் போகுது?

— அனல்மின் நிலையத்துக்கு.

— அவங்கதான் தண்ணி பத்தலன்னு சொல்றாங்களே?

— அவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

— முதல்ல எடுக்கறது யாரு? ஊரா, அவங்களா?

— அவங்கதான். மிச்சம் இருந்தா ஊருக்கு.

— அப்படின்னு யார் முடிவு பண்ணினது?

— எல்லாரும் சேர்ந்துதான்...

— எல்லாரும்ங்கறது யாரோட பேரு?

— நான்தான் கையெழுத்துப் போட்டேன். போதுமா? அமைச்சர் போன் பண்ணினாரு. 'ஊரு நாலு நாள் குளிக்கலன்னா யாரும் சாகமாட்டாங்க, தொழிற்சாலைங்க நாலு நாள் நின்னா நான் செத்தேன்'னாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரிங்கன்னேன்.

— அவ்வளவுதானா?

— ரெண்டு தடவை சொன்னேன். லைன் சரியாக் கேக்கல.

— கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தீங்களா?

— இல்ல. படம் காட்டினாங்க. படத்துல ஏரி நல்லா நீலமாத்தான் இருந்தது.

— அவங்க திருப்பி விடற சுடுதண்ணியில மீனெல்லாம் செத்துக் கரை ஒதுங்கிக் கிடக்கு. நாத்தம் மூக்கைப் பிடுங்குது.

— வெந்த மீன்னா சமைக்கற வேலை மிச்சம்தானக்கா? சும்மா கேக்கறேன்... சரி, கேக்கல.

— நீ எப்ப ஏரிப்பக்கம் போன?

— மேட்டுத் தெருப் பொம்பளைங்க அங்கதான் துணி துவைக்கப் போறாங்க. ஒரு நாள் நானும் கூடப் போனேன். துணியை எடுத்துட்டுப் போன மாதிரியே கட்டிக் கொண்டு வந்துட்டோம்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னேன். பரிசீலனையில வெச்சிருப்பீங்க. மேல சொல்லுங்க. கையெழுத்துப் போட்டீங்க. அப்புறம்?

— அப்புறம் என்ன? ஒழுங்காத் தூக்கம் இல்ல. கார் மேட்டுத் தெரு வழியா வர்றப்ப கண்ணாடியை ஏத்தச் சொல்றேன். தூசின்னு டிரைவர் நினைச்சுக்கறாரு. குழாயடியில வரிசையாக் குடம் நிக்கும், பக்கத்துல ஆளே இருக்காது. வெயிலுக்குப் பயந்து ஆளுங்க உள்ள இருப்பாங்க, அவங்களுக்குப் பதிலாக் குடம் நிக்கும். அதுங்க என்னையே பார்க்கற மாதிரி இருக்கும். ஏன் மச்சான், இப்ப கத்தல?

— இதுக்குக் கத்தத் தோணல மாமா.

— இதையே, ஒரு வார்த்தை மாத்தாம நாளைக்கு அங்க சொல்லிடுங்க.

— விளையாடறியா? சொன்னா அமைச்சர் என்னைத் தொலைச்சுடுவாரு. எங்கயாவது காத்தாடாத ஊருக்கு மாத்திடுவாங்க. மாடிப்படிக்குக் கீழ இருக்கற அந்த ரூமையே எனக்குக் குடுத்தாலும் குடுத்துடுவாங்க.

— கதவு இடிச்சா இடிக்கட்டும். நிம்மதியாத் தூங்கலாம்ல?

— தூக்கத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இதோ பாரு, வீட்டுல சொல்றது வேற, சபையில சொல்றது வேற. நாளைக்கு என் பதில் தயாரா இருக்கு. குழாயெல்லாம் பழசு, மழை குறைவு, அது போக, மேட்டுத் தெரு மக்கள் தண்ணியை வீணடிக்கறாங்க.

— வராத தண்ணியை எப்படிங்க வீணடிக்க முடியும்?

— அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் அங்க யாரும் கேக்கமாட்டாங்க. உன்னை மாதிரி ஒரு தலைவி அங்க இருந்தாத்தான் நான் பயப்படணும். அவங்களுக்கு எழுதிக் குடுத்ததைத்தான் கேப்பாங்க, நாங்க எழுதி வெச்சதைத்தான் சொல்லுவோம். டீ வரும், குடிப்போம், கலைஞ்சு போவோம்.

— மாமா, நிஜமாவே மாட்டிக்கமாட்டீங்களா? சும்மா கேக்கறேன்.

— எப்படி மாட்டுவேன்? போன்ல சொன்னது அமைச்சருக்கும் எனக்கும் தெரியும். அவர் சொல்லமாட்டாரு. தனிக் குழாய் போட்டவங்களுக்கு அவங்க வேலை பெருசு. இப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நீ என் மச்சான். இவ என் பொண்டாட்டி. வெளியில எவன் போய்ச் சொல்லப்போறான்?

— அப்ப, நாளைக்கு உங்களை மட்டும்தான் விசாரிக்கறாங்களா?

— எனக்கு முன்னாடி ஒரு சாட்சி இருக்காம். மேட்டுத் தெருக்காரங்க சேர்ந்து, எங்களுக்காக இவங்க பேசுவாங்கன்னு யாரோ ஒரு வீட்டம்மா பேரைக் குடுத்திருக்காங்களாம். குழுவும் சரின்னுடுச்சு. அது கிடக்கு. அந்த அம்மா உள்ள போய்க் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தும், 'பார்க்கறோம்மா'ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

— மூக்கைச் சிந்தமாட்டா. கையை மேசை மேல வெச்சுக்கிட்டு நேராத்தான் பேசுவா.

— உனக்குத் தெரிஞ்சவளா?

— உங்களுக்கும் தெரிஞ்சவதான். ஏங்க, காலையில நான் மட்டும் தனியா பஸ்ல எதுக்கு அலையணும்? உங்க கார்லயே வந்துடறேனே.