அவிட்டம் பிறக்கும் வரை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். சுவரையும் தரையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளையடித்தால் எந்தச் சுவரும் பளிச்சென்று ஆகிவிடும், தண்ணீரை அப்படி ஏமாற்ற முடியாது. திருப்பத்தூரில் பதினொரு வீடு ஏறி இறங்கியவள் என்பதால் சொல்கிறேன். நீங்களும் இப்போதுதான் மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், இன்னும் வீடு அமையவில்லை என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். உங்களுக்கும் உதவட்டும் மேடம்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் பன்னிரண்டாவது வரை படித்தவர்கள் இரண்டே பேர். அதில் நான் ஒருத்தி. அதனால் பக்கத்தில் ஆள் வைத்து எழுத வேண்டியதில்லை. முதல் எது என்று யோசித்துப் பார்த்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள்தான் முதல்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒற்றை அறையில் ஆறு வருஷம் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர் பூவரசன், பெண்கள் இரண்டு பேர். அவர் புளி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அந்த மாடியில் நான்கு குடும்பத்துக்கும் ஒரே பாத்ரூம். தாழ்ப்பாள் எப்போதோ உடைந்துபோய், உள்ளேயிருந்து ஒரு கயிற்றை ஆணியில் சுற்றிக்கொண்டு குளிப்போம். மூத்தவள் வெண்ணிலா குளிக்கும்போது நான் வெளியே கதவுக்கு முதுகு கொடுத்து நிற்பேன். ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் கயிறு அவிழ்ந்திருக்கிறது. தானாக அவிழவில்லை. அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லாத நாட்களில் அவள் குளிக்காமலே பள்ளிக்கூடம் போனாள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் காலி பண்ணு என்பார்கள். நாமே காலி பண்ணிவிட்டுப் பெரிய வீடாகப் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

பெரிய வீடு வேண்டும், கையில் இருப்பதும் கொஞ்சம்தான் என்றால் விலை குறைந்த பக்கமாக ஒதுங்க வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் மலிவு, ஆனால் ஐப்பசி மழையில் கட்டில் மிதக்கும். ரயில் பாதை ஓரம் மலிவு, ஆனால் படிக்கிற பிள்ளைக்கு ஆகாது. கடைசியில் மலையடி நகர்தான் சரி என்று பட்டது. மலைக்கு ஏறுகிற ரோட்டில் ஊர் முடிகிற இடம். கடை கண்ணி கிடையாது, பஸ் எப்போதாவது வரும். ஆனால் அறைகள் பெரிசு, தண்ணீர் நல்ல தண்ணீர். வாசலில் நின்றால் எங்கள் மலை தெரியும். அப்படியும் மூன்று அறை வீடு எங்களுக்கு எட்டவில்லை.

வீட்டு புரோக்கர் அன்பரசன் ஒரு நாள் அங்கே ஒரு நல்ல வீட்டைக் காட்டி, பாதி வாடகை சொன்னார்.

"இன்னாண்ணா, இவ்ளோ கம்மியா சொல்றீங்க?" என்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். "அடைப்பு வூடும்மா. போன மாசம் இந்த வூட்டுப் பெரியவரு சதயத்துல போய்ட்டாரு. எவன் குடி வருவான்?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரம், அதில் ஒருவர் இறந்தால் இறந்த அறையை ஆறு மாதம் அடைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆனால் அந்த அறை வாசலில் விளக்கு வைக்க வேண்டும். மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த வீடு என்றாலே உதறல். எங்கள் மலையூரில் நட்சத்திரம் பார்த்து வீட்டை அடைத்து நான் கண்டதில்லை. புதைத்துவிட்டு வந்து அதே வீட்டில் களி கிண்டுவோம். இருப்பது ஒரு வீடு, அதையும் அடைத்துவிட்டு எங்கே போய்ப் படுப்பது?

மறுநாள் காலையில் அட்வான்ஸோடு போனேன். அதற்குள் போளூர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். அவருக்கும் பயம் இல்லை போலிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஊரில் எல்லோருக்கும் இருக்கிற ஒரு பயம் எங்களுக்கு இல்லை. எங்களிடம் இருந்த கைமுதல் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் அதே மலையடி நகரில் தீர்த்தகிரி அய்யாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி இல்லை. மகன் விஜயராஜ் பெங்களூரில். அய்யாவுக்கு மூச்சிரைப்பு. காலையில் போய்க் குளிக்கவைத்து, சமைத்துப்போட்டு, மருந்து கொடுத்து, சாயங்காலம் வருவேன். நல்ல மனிதர். எங்கள் மலையில் சங்கிலி போட்டு அளக்காத இடம் இல்லை அவருக்கு. "உங்கூரு எல்லைக் கல்லு நான் நட்டது. மரியாதையா சாப்பாட்டுல உப்பு போடு" என்று கிண்டல் செய்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பாமல் போகலாம்.

மூன்று அறை, ஒரு ஹால். பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதன் கதவில் கனமான பித்தளைத் தாழ்ப்பாள். அதைத் துடைக்கும்போதெல்லாம் ஒருமுறை போட்டுத் திறந்து பார்ப்பேன்.

ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "அய்யா, அந்த ரெண்டு ரூமு சும்மாதான கெடக்குது. நாங்க வாடகைக்கு வந்தா உங்களுக்கும் தொணையா இருக்கும்."

"நான் இருக்கற வரைக்கும் யாருக்கும் வுடறதில்லம்மா. எனக்கப்புறம் அவன் வித்துடுவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பெண்களுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

அய்யா தினமும் காலையில் காலண்டர் தாளைத் தன் கையாலேயே கிழிப்பார். கிழித்துவிட்டு நட்சத்திரத்தைச் சத்தமாகப் படிப்பார். வருஷம் முழுக்க அந்த ஐந்து நட்சத்திரம் வருகிற தாள்களின் ஓரத்தை மடித்து வைத்திருந்தார். என்ன அது என்று கேட்டேன்.

"இந்த மடிச்ச நாளுங்கள்ல மட்டும் என்னைக் கொஞ்சம் பத்திரமா பாத்துக்க நதியா. இதுல போய்ட்டேன்னா வூட்டை அடைச்சிடுவானுங்க. பாத்துப் பாத்துக் கட்டன வூடு. மனுசங்க இல்லாம வெளக்கு மட்டும் எரிஞ்சிக்கினு கெடக்கும்."

"பாத்துக்கறேன் அய்யா" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். மார்கழியில் ஒருமுறை, தைப்பொங்கல் கழித்து ஒருமுறை அவருக்கு இழுப்பு கண்டபோது ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். இன்னொருத்தராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். விஜயராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஒரு பட்டுப்புடவை வாங்கித் தந்தார். அந்த இரண்டு நாளும் மடித்த நாள் இல்லை. நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

மாசி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை அய்யா பாதிதான் மடித்திருந்தார். திருவோணம் மதியம் 2.40 வரை, பிறகு அவிட்டம். அளந்து பழகிய கை, அதிலும் கணக்காக இருந்தது.

அன்று மூன்று மணி தாண்டி அவர் இறந்தார். விஜயராஜ் வந்ததும் எல்லோரையும் போல நேரம் கேட்டார், சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அன்பரசன் வந்து பார்த்துவிட்டு, இதை இப்போது ஒருவரும் சீந்த மாட்டார்கள் என்றார். நான் விஜயராஜிடம் சொன்னேன்: "நாங்க மலைக்காரங்க தம்பி, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அய்யா ரூம அடைச்சிட்டு மத்த ரூம்ல இருந்துக்கறோம். சாயங்காலம் நானே வெளக்கு வெக்கிறேன்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வாடகை பாதிக்கும் குறைவு. அடைப்பு முடிந்த பிறகும் ஏற்றமாட்டேன் என்று அவராகவே சொன்னார்.

பங்குனியில் குடி போனோம். முதல் நாள் வெண்ணிலா அரைமணி நேரம் குளித்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஹாலில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. விளக்கு ஒரு நாளும் தவறவில்லை. ஆவணியில் அம்மாவின் சாமைக் கொல்லைக்குக் களை எடுக்க மலைக்குப் போனபோதும் வெண்ணிலாவை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன். நீங்கள் ஜீப்பில் மேலே வந்தது அன்றைக்குத்தான்.

இதில் நட்சத்திரம் இருப்பது அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்தது ஆம்புலன்ஸைப் பற்றிக் கேட்க. எதிர் வீட்டு முனியம்மா ஆடி மாதம் விஜயராஜிடம் சொல்லியிருக்கிறார், ஒரு மணிக்கே கூப்பிட்டும் ஆம்புலன்ஸ் வரவேயில்லை என்று. அவர் கொதித்துப்போய் ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் புகார் கொடுத்தார். விசாரித்தால், அந்த வீட்டிலிருந்து அன்றைக்கு எந்த அழைப்பும் வரவில்லை. மேடம், நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. போன் பக்கத்திலேயே இருந்ததே, ஏன் கூப்பிடவில்லை என்று. அதற்குத்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

சாப்பிட உட்கார்ந்தபோது இழுப்பு ஆரம்பித்தது. பன்னிரண்டரை இருக்கும். வாயில் இன்ஹேலரை வைத்து அடித்தேன், கொஞ்சம் தணிந்தது. மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். ஒரு மணிக்கு முனியம்மா பால் ஊற்ற வந்தார்.

"அய்யய்யோ, இன்னாம்மா இப்டி இழுக்குது? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டியா?"

"போட்டுட்டேங்க. வந்துனே இருக்காங்களாம். இந்தத் தெரு அவங்களுக்குத் தெரியாதாம். நீங்க ரோட்டு முனையில நின்னு கையக் காட்டுங்களேன்."

அந்தம்மா பால் கேனைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். வயசானவர்.

அய்யாவும் காதில் வாங்கிக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அவரை விட்டு அசையவில்லை. முதுகைத் தடவினேன், வெந்நீர் கொடுத்தேன், மூச்சு அடைக்கும்போதெல்லாம் மருந்து கொடுத்தேன். இரண்டு முறை போய்விடுவார் போல இருந்தது, விடவில்லை. ஒன்றரைக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் இரண்டு நாற்பது வரை அந்த உயிரைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று அவரும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை.

இரண்டு நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்ஹேலரை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அவர் "பம்பு, பம்பு" என்று கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து என் மடியை விரலால் காட்டினார். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்னொரு மணி நேரம் தாங்கியிருப்பார். நான் அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரைக் கொன்றது நான்தான். கையெழுத்துக்கு மேலே இந்த வரி இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

வெண்ணிலாவை அந்த வீட்டைவிட்டு அனுப்ப வேண்டாம் என்று விஜயராஜிடம் சொல்லுங்கள். அடைப்பு முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. விளக்கு நடுவில் நிற்கக் கூடாது.

கடைசியில் அய்யா சுவர்ப் பக்கம் திரும்பினார். முகம் வியர்க்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன், அதனால் அவருக்குக் கடிகாரமும் தெரியவில்லை, காலண்டரும் தெரியவில்லை.

"இன்னா... நட்சத்திரம்?" என்று கேட்டார்.

"திருவோணம்தான் அய்யா. இன்னும் முடியல."

அவர் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தாலும் அவ்வளவு நிம்மதியாக அனுப்பியிருக்க முடியாது. அந்த வீட்டில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான் மேடம், அதுவும் அவருடைய நல்லதுக்காக.