கொல்லை ஓரத்தில் ஒரு விண்கலம்

சித்தேரி மலையேறும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் நோட்டு வைத்திருந்தவர் விண்வெளிக் கதை எழுதுகிறவர். மனிதர்கள் தேடிப்போன வேற்றுக் கிரகத்தார் வாயே திறக்காததால் அவருடைய இரண்டாம் பாகம் நகரவில்லையாம். பக்கத்தில் இருந்தவர் ராகி விவசாயி. முதல் பாகத்தைப் படித்தவர்.

“அவ்ளோ தூரம் பறந்து போயி, கூப்புடாம உள்ள நொழைஞ்சா எவன் பேசுவான்?” என்றார் விவசாயி. அங்கிருந்துதான் நான் காது கொடுத்தேன்.

“ரேடியோவுல கூப்புட்டாங்களேக்கா.”

“அது எறங்குனதுக்கு அப்புறந்தான? நாங்க ஒரு வூட்டுக்குப் போனா, ராகிக் கொல்லை ஓரத்துலயே நின்னு ‘யாருங்க இருக்கீங்க’ன்னு கொரல் குடுப்போம். பதில் வந்தாத்தான் உள்ள காலு வெப்போம். கப்பல வெளிய நிறுத்து.”

“சரி, நிறுத்திட்டேன். அப்பவும் பதில் வரலன்னா?”

“அவங்களுக்கும் வேலை இருக்குமில்ல? களையெடுத்துட்டு, கையக் கழுவிட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்.”

வேகமாக எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். “அவங்களுக்குக் கையே இல்லன்னு மொதல் பாகத்துல எழுதிட்டனேக்கா.”

விவசாயி சற்று யோசித்தார்.

“அப்பன்னா களையெடுக்க இன்னுங் கொஞ்ச நேரம் ஆவும். பொறுமையா இருக்கச் சொல்லு.”