இருநூற்றுப் பதிமூன்றாவது செடி

— ஏங்க, மணி மூணரை. நாலு மணிக்குத் திறந்து அஞ்சு மணிக்கு மூடிக்கும். எழுந்திருங்க.

— உன் செடி என்ன, ஆபீஸ் நேரமா வெச்சிருக்கு? போன வாரமும் மேட்டுக்கு இழுத்துட்டுப் போய் மொட்டைக் காட்டினே.

— அன்னைக்கு மேகம். வெயில் இல்லேன்னா அது கண்ணைத் திறக்காது.

— நீ மட்டும் பாத்தியே, அது போதாதா?

— ரெண்டு பேர் பூவோட பாத்தாத்தான் பட்டியல்ல ஏறும். இருநூத்திப் பன்னெண்டு செடிக்கும் என் கையெழுத்துக்குப் பக்கத்துல உங்க கையெழுத்துதான். இந்தக் காட்டுக் காப்பகத்துலயே இது அந்த மேட்டுல மட்டும்தான் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பட்டியல்ல ஏறலேன்னா, மேட்டை வெட்டி வண்டி நிறுத்துற இடமாக்கிடுவாங்க.

— நாளைக்கு வர்றேன்மா. மூச்சு வாங்குது. நீ போயிட்டு வந்து பதிவேட்டைத் திற, ஒரு வேடிக்கை இருக்கு.

— தெரியாதாக்கும்! ஓரத்துல என் மூக்கை வரைஞ்சிருப்பீங்க.

— தண்ணி பாட்டிலை பெஞ்சுல வெச்சுட்டுப் போ, மகராசி.

*

— மெதுவாக்கா, கல்லு வழுக்கும். பத்து நாளுக்குள்ள வருவீங்கன்னு நான் நினைக்கலை.

— மாசக் கடைசி காத்திருக்குமா, காவலர் தம்பி?

— அன்னைக்கு அண்ணன் பெஞ்சுல சாஞ்சிருந்தாரு. தூங்குறாருன்னு நெனைச்சு நான் பூனை மாதிரி நடந்து போனேன்கா.

— நானும்தான். இறங்கி வந்து, "தூங்கினது போதும்"னு தோளைத் தட்டினேன்... சரி, பதிவேட்டைத் திறங்க. இனிமே என்கூட கையெழுத்துப் போடறது நீங்க.

— நானா? எனக்குக் கீரையும் புல்லும் ஒண்ணுதான்கா!

— கண்ணு இருக்குல்ல, போதும்.

— அக்கா... இருநூத்திப் பதிமூணுல அண்ணன் கையெழுத்து இருக்கே.

— பாக்காமலேயா? இதான் அந்த வேடிக்கையா! பேனாவைக் குடுங்க, அடிக்கணும். அவரே எதிர்ல இருந்தாலும் அடிச்சிருப்பேன்.

— பொறுங்கக்கா, குறிப்பும் எழுதியிருக்காரு. "மஞ்சள். அஞ்சு இதழ். ஒண்ணு மட்டும் குட்டை. இவளை மாதிரி."

— குட்டைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே.

— நீங்க எதுக்கு சொல்லணும்? அண்ணன் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தனியா ஏறிப் பாத்துட்டு வந்தாரு. மூணு இடத்துல உக்காந்து உக்காந்து. "அவகிட்ட மூச்சு விடாதே, அசத்தணும்"னாரு.

— அதான் மூச்சு வாங்குச்சா அந்த மனுஷனுக்கு.

— அக்கா, உக்காருங்க.

— உக்காந்தா யாரு கையெழுத்துப் போடறது? இருநூத்திப் பன்னெண்டுலயும் நான்தான் முதல். இதுல முந்திக்கிட்டாரு பாருங்க.

— நான் வேணாமாக்கா அப்போ?

— வேணாம் தம்பி. ரெண்டு பேர் பாத்தாச்சு. மணி என்ன?

— நாலுக்கா. வெயிலும் இருக்கு. அங்க பாருங்க, திறக்குது... ஆமாக்கா, ஒண்ணு குட்டைதான்.